யூ.டி.எம்.பி. 100 மைல்: கட்டணத்துக்கு என்ன கிடைக்கிறது, எதை நாமே கொண்டுபோக வேண்டும்

ஆகஸ்ட் இறுதியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பிரான்ஸின் ஷமோனி ஊர்ச் சதுக்கத்திலிருந்து யூ.டி.எம்.பி. என்ற 'அல்ட்ரா-ட்ரெயில் து மோன் ப்ளாங்' மலையோட்டப் பந்தயத்துக்குச் சுமார் 2,500 பேர் கிளம்புகிறார்கள். மோன் ப்ளாங் மலைத்தொகுதியை இடப்பக்கம் வைத்து இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாகச் சுற்றி அதே சதுக்கத்துக்குத் திரும்ப வேண்டும். நம் கிரிவலத்துக்கு எதிர்த்திசை. தூரம் 170 கி.மீ.க்குச் சற்று மேல், பாதையைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு சில கி.மீ. மாறும். மொத்த ஏற்றம் ஏறக்குறைய 10,000 மீட்டர். கால வரம்பு 46 மணி 30 நிமிடம். 2003இல் தொடங்கிய இந்தப் பந்தயத்தை ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு எடைபோட்டால், மலைமேல் அவர்கள் செய்யும் வேலைக்கு முழு மதிப்பெண் தரலாம். அங்கே போய்ச் சேரும் வழிக்குத்தான் பாதி மதிப்பெண்.

முதலில் அந்த வழி. ஷமோனியில் ஓட விரும்புகிறவர் யூ.டி.எம்.பி. உலகத் தொடரின் பந்தயங்களில் ஓடி 'ரன்னிங் ஸ்டோன்' சேர்க்க வேண்டும். 20 கி.மீ. பிரிவுக்கு 1 கல், 50க்கு 2, 100க்கு 3, 100 மைலுக்கு 4. 'மேஜர்' என்று அறிவிக்கப்பட்ட பந்தயங்களில் இரட்டிப்பு. ஒவ்வொரு கல்லும் இடம் ஒதுக்கும் குலுக்கலில் ஒரு சீட்டு. கல்லோடு, 100 கி.மீ. அல்லது 100 மைல் பிரிவில் செல்லுபடியாகும் யூ.டி.எம்.பி. இண்டெக்ஸும் (ஓட்டக்காரரின் திறனுக்கான மதிப்பெண்) வேண்டும். இண்டெக்ஸை உள்ளூரின் அங்கீகரிக்கப்பட்ட பந்தயத்திலேயே வாங்கிவிடலாம். கல்லுக்கு அந்த வசதி இல்லை, தொடரின் பந்தயத்துக்கே போயாக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து அருகில் இருப்பவை தாய்லாந்தின் சியாங் மாய், மலேசியாவின் தைப்பிங். 100 மைலுக்குத் தயாரான கால்களை வைத்துக்கொண்டு, விமானச் செலவுக்கு வழியில்லாமல் நிற்கிற திறமைசாலிகள் நம்மூரில் இருக்கிறார்கள். பழைய புள்ளி முறையில் பல நாட்டுச் சிறு பந்தயங்களுக்கும் மதிப்பிருந்தது. 2021இல் அயர்ன்மேன் குழுமத்தோடு கைகோத்துத் தொடரை விரித்தபின் இந்தக் கதவு பணமுள்ளவர் பக்கம் சாய்ந்துவிட்டது. இது சிறு குறையல்ல.

இடம் கிடைத்துவிட்டால் அதற்குப் பின் நடப்பதெல்லாம் ஒழுங்கு. ஜெனீவா விமான நிலையத்திலிருந்து ஷமோனிக்கு பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். மூன்று நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். பந்தய வாரத்தில் ஷமோனியில் அறை கிடைப்பது கடினம், கிடைத்தாலும் விலை கொதிக்கும். லெ ஊஷ், வல்லோர்சின் போன்ற பக்கத்து ஊர்களில் தங்குங்கள். தங்குமிடத்தில் தரும் விருந்தினர் அட்டையைக் காட்டினால் பள்ளத்தாக்கின் ரயிலும் பஸ்ஸும் இலவசம். பெட்டி கட்டும்போது ஒரு எச்சரிக்கை: ஊன்றுகோல்கள் செக்-இன் பையில், ஹெட்லாம்ப்பின் உபரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில். மாற்றி வைத்தால் நம் விமான நிலையத்திலேயே இரண்டில் ஒன்றை விட்டுவிட்டுப் போக நேரும். பால், இறைச்சி சேர்ந்த உணவை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர ஐரோப்பாவில் தடை உண்டு. பால்கோவாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் பிரச்சினையில்லை.

கட்டாய உபகரணப் பட்டியலைப் பலர் தொல்லையாக நினைக்கிறார்கள். இந்தப் பந்தயத்தில் அமைப்பாளர்கள் செய்திருக்கும் ஆகச் சிறந்த வேலை அதுதான் என்பது என் தீர்மானம். கைபேசி, குறைந்தது 1 லிட்டர் தண்ணீர் கொள்ளும் குடுவைகள், உபரி பேட்டரியோடு இரண்டு ஹெட்லாம்ப், 1.40 × 2 மீட்டர் உயிர்காப்புப் போர்வை, விசில், ஒட்டும் கட்டுத்துணி, உணவு (பரிந்துரை 800 கிலோ கலோரி), தொப்பியோடு மழை ஜாக்கெட், மழைக் கால்சட்டை, நீண்ட கால்சட்டை, 180 கிராமாவது எடையுள்ள கதகதப்பான மேலுடை, குளிர்த் தொப்பி, நீர்புகாத கையுறை, சொந்தக் குவளை, அடையாள ஆவணம். வானிலையைப் பார்த்து வெயில் உபகரணமோ குளிர் உபகரணமோ கூடுதலாக அறிவிக்கப்படும். எண் அட்டை வாங்கும்போதும் வழியிலும் சோதனை உண்டு. முக்கியப் பொருள் இல்லையென்றால் தகுதி நீக்கம் வரை போகும்.

இதில் நம்மவர்கள் தடுமாறுவது ஜாக்கெட்டில். விதி கேட்பது 10,000 ஷ்மெர்பர் நீர்த்தாங்கு திறன். அதாவது 10,000 மி.மீ. உயர நீர்ப்பத்தியின் அழுத்தத்தையும் துணி தாங்க வேண்டும். வியர்வை ஆவி வெளியேற, அதற்குத் துணி தரும் தடையைக் காட்டும் ஆர்.இ.டி. அளவு 13க்குக் கீழே இருப்பது பரிந்துரை. நம் கடைகளில் 'ரெயின் ப்ரூஃப்' என்று விற்கும் விண்ட்சீட்டர்களில் பெரும்பாலானவை தூறலுக்கு மட்டுமே. உள்பக்கம் திருப்பி எல்லாத் தையல்மேலும் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டேப் இல்லையென்றால் ஒரு மணி நேர மழையில் தோள் தையல் வழியாக நீர் இறங்கும். 2,500 மீட்டர் உயரக் கணவாயில், இரவில், காற்றோடு, நனைந்த சட்டையோடு நடப்பவருக்கு உடல் வெப்பம் சரிய அதிக நேரம் பிடிக்காது. 2010இல் புயலால் பந்தயம் நிறுத்தப்பட்டது. 2012இல் பாதை 100 கி.மீ. அளவுக்குச் சுருக்கப்பட்டு பிரான்ஸுக்குள்ளேயே முடிந்தது. பட்டியல் இவ்வளவு கடுமையாக இருப்பது அந்த மலையின் குணத்தால்தான்.

ஹெட்லாம்ப் பற்றி ஒரு சொல். ஆகஸ்ட் இறுதியில் அங்கே இருட்டு ஏறக்குறைய 10 மணி நேரம். 40 மணியைத் தாண்டுகிறவருக்கு இரண்டு முழு இரவுகள். முதன்மை விளக்கு 200 லூமனாவது இருக்கட்டும். பெட்டியில் அச்சிட்ட நேரத்தை நம்ப வேண்டாம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். வீட்டில் அதே வெளிச்ச அளவில் எரியவிட்டு, எத்தனை மணிக்கு மங்குகிறது என்று அளந்து வையுங்கள்.

இனி பாதை. முதல் 8 கி.மீ. லெ ஊஷ் வரை ஏறக்குறையச் சமதளம். கைத்தட்டலும் மணியோசையும் தெரு முழுக்க நிற்கும் ஊர் மக்களும் சேர்ந்து கால்களைத் தூண்டிவிடும். இங்கே மணிக்கு 11, 12 கி.மீ. வேகத்தில் பறந்தவர்களில் கணிசமானோர் மறுநாள் மதியம் பந்தயத்தைக் கைவிட்டு இத்தாலியில் பஸ் ஏறுகிறார்கள். கணக்கைப் பாருங்கள்: 171 கி.மீ.யை 46.5 மணியால் வகுத்தால் மணிக்கு 3.7 கி.மீ. மணிக்கு 500 மீட்டர் உயரம் ஏறுபவருக்கு ஏற்றம் மட்டுமே 20 மணி நேரம். மீதி 26 மணியில் இறக்கம், சமதளம், சாப்பாடு, தூக்கம், கழிப்பறை வரிசை எல்லாம் அடங்க வேண்டும். முதல் 8 கி.மீ.யில் மிச்சப்படுத்தும் பத்து நிமிடம் இந்தக் கணக்கில் ஒன்றுமே இல்லை.

சென்-ஜெர்வே இறக்கத்துக்குப் பிறகு 31 கி.மீ. வாக்கில் லே கொந்தமீன். அங்கிருந்து, கடல்மட்டத்துக்கு 1,160 மீட்டர் மேலே தொடங்கி, 2,479 மீட்டரிலுள்ள க்ருவா து பொனோம் கணவாய் வரை ஒரே ஏற்றம். நடுவில் லா பால்ம் நிலையம். இந்த நிலையத்திலேயே ஜாக்கெட்டும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். ஏறும்போது வேர்க்கிறதே, மேலே போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கத் தோன்றும். மேலே போனால் காற்றில் விரல் விறைத்து ஜிப்பை இழுக்க முடியாது. சென்னை, மதுரை வெயிலில் பழகிய உடம்புக்கு இத்தாலியப் பள்ளத்தாக்கின் மதிய வெயில் பெரிய விஷயமில்லை. நம்மைச் சாய்ப்பது இந்த முதல் இரவின் குளிர். லா பால்முக்கு மேலே பாதை குறுகி ஒற்றை வரிசையாகிவிடும். பின்வரிசைக்காரர்கள் முன்னால் போகிறவர் வேகத்திலேயே போக வேண்டியிருக்கும். கூட்டத்தைக் குறைக்காமல் இதற்குத் தீர்வில்லை. அமைப்பின்மேல் நியாயமாக வைக்கக்கூடிய இரண்டாவது குறை இது.

லே ஷாப்பியூ, 2,516 மீட்டரில் செய்ன் கணவாய், அதோடு இத்தாலி. கொம்பால் ஏரியைத் தாண்டி இன்னொரு ஏற்றம், பிறகு ஷெக்ரூயியிலிருந்து கூர்மாயோருக்கு இறக்கம். 80 கி.மீ.யை நெருங்கும்போது வரும் இந்த இறக்கம்தான் என் கணிப்பில் பந்தயத்தின் திருப்புமுனை. நாலு கி.மீ.க்குள் 700 மீட்டருக்கு மேல் செங்குத்தாக விழுகிறது. மரவேர், புழுதி, சின்னச் சின்ன வளைவுகள். இறங்கும்போது தொடைத்தசை சுருங்கும் நிலையிலேயே இழுபடுகிறது, நார்கள் கிழிவது அப்போதுதான். கூர்மாயோரில் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழமுடியாமல் போவதற்குக் காரணம் ஏற்றமல்ல, இந்த இறக்கம்.

அபார்ட்மென்ட் படிகளில் ஏறிப் பயிற்சி எடுத்துவிட்டு லிஃப்டில் இறங்குகிறவர்கள் தேவையான பாதியை விட்டுவிடுகிறார்கள். இறக்கத்துக்குத் தசையைப் பழக்க இறக்கம் தவிர வேறு வழியில்லை. ஒருமுறை கடுமையாக இறங்கி வலி கண்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் குறைந்த சேதத்தில் செய்யும். அதனால் கடைசிப் பெரிய இறக்கப் பயிற்சி பந்தயத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பாக அமையட்டும். தமிழ்நாட்டில் இதற்கு நல்ல இடம் கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலுக்குப் போகும் பழைய பாதை. ஒரே ஏற்றமாக ஆல்ப்ஸ் கணவாய்களுக்குக் குறையாத உயரம் கிடைக்கும், அதே வழியில் இறங்கலாம். வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.

கூர்மாயோர் நிலையம் ஒரு விளையாட்டரங்கம். சேவையின் உச்சம் இங்கேதான். புறப்படுமுன் ஷமோனியில் ஒப்படைத்த 30 லிட்டர் பை எண் வாரியாகக் காத்திருக்கும். சூடான பாஸ்தா, மருத்துவர்கள், படுக்க இடம் எல்லாம் உண்டு. அந்தப் பையில் அரை அளவு பெரிய ஷூ ஒன்று கட்டாயம் இருக்கட்டும். 80 கி.மீ.க்குப் பின் பாதம் வீங்கும், பழைய ஷூவிலேயே தொடர்ந்தால் அடுத்த இறக்கங்களில் கட்டைவிரல் நகம் கறுக்கும். இரண்டு ஜோடி காலுறை, உலர்ந்த சட்டை, தொடை இடுக்குக்கு வாசலின், கைபேசி சார்ஜ் செய்ய பவர் பேங்க். இவ்வளவு போதும். பை நிறையப் பொருள் வைத்தால் எதை எடுப்பது என்று யோசிப்பதிலேயே அரைமணி போய்விடும். ஊன்றுகோல் பற்றிய விதியையும் இங்கே நினைவில் வையுங்கள்: கொண்டு கிளம்பினால் முடிவுவரை கூடவே கொண்டுபோக வேண்டும், நடுவில் பையில் போட முடியாது. எடுக்கத்தான் வேண்டும் என்பேன். 10,000 மீட்டர் ஏற்றத்தில் தோளும் வேலை செய்யட்டும்.

கட்-ஆஃப் நேரம், அதாவது ஒவ்வொரு நிலையத்துக்கும் உள்ள கெடு, நிலையத்துக்குள் நுழைவதற்கல்ல, வெளியேறுவதற்கு. பலர் ஏமாறும் இடம் இது. பத்து நிமிடம் முன்னால் உள்ளே வந்து சூப் வாங்கி உட்கார்ந்தவரைப் பணியாளர் வந்து எண்ணைக் கத்தரித்து அனுப்பும் காட்சி ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

நிலையங்களில் கிடைப்பவை: நூடுல்ஸ் சூப், ரொட்டி, சீஸ், வாழைப்பழம், ஆரஞ்சு, சாக்லேட், பிஸ்கட், கோலா, காபி, தேநீர். குவளை தரமாட்டார்கள். சைவம் சாப்பிடுகிறவர் சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கிறதா என்று மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள், பொறுமையாகப் பதில் சொல்வார்கள். தரத்தில் குறையில்லை, ஆனால் 20 மணிக்குப் பிறகு அதே சீஸும் அதே இனிப்பும் நம் நாக்குக்கு ஒவ்வாது. உப்பும் புளிப்புமாகக் கொஞ்சம் கையில் இருந்தால் வயிறு திறக்கும். உப்பில் புரட்டிய அவித்த உருளைக்கிழங்கு, எலுமிச்சை ஊறுகாய்த் துண்டு ஒன்றிரண்டு போதும். உதவியாளர் கூட வந்திருந்தால் கொந்தமீன், கூர்மாயோர், ஷாம்பெ, த்ரியான், வல்லோர்சின் ஆகிய இடங்களில் மட்டும் சந்திக்கலாம். கூட ஓடித் துணைவர யாருக்கும் அனுமதியில்லை. உதவியாளரிடம் ஒரு பிளாஸ்கில் மிளகு ரசம் கொடுத்து வையுங்கள், இரண்டாவது இரவில் அதற்கு ஈடாக எந்த ஜெல்லும் இல்லை.

அளவு: மணிக்கு 200 முதல் 300 கிலோ கலோரி நடுவரிசை ஓட்டக்காரருக்குத் தாங்கும். வயிற்றைப் பல மாதம் பழக்கியவர்கள் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து வரை போகலாம். பந்தயத்தன்று திடீரென்று கூட்டினால் வாந்தி நிச்சயம். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் வாக்கில், தாகத்தைக் கேட்டு. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் சரியும். விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, தலைவலி, குமட்டல், குழப்பம் எல்லாம் அதன் அடையாளங்கள். அப்போது மேலும் தண்ணீர் குடிப்பது ஆபத்து, மருத்துவரிடம் போங்கள். வலிக்கு ஐபுபுரூஃபன் போடாதீர்கள். தசை உடைந்து ரத்தத்தில் கலக்கும் கழிவை வடிகட்டத் திணறும் சிறுநீரகத்துக்கு அது ரத்த ஓட்டத்தையும் குறைத்துவிடும். சிறுநீர் கோலா நிறத்தில் வந்தால் பந்தயம் அங்கேயே முடிந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

தண்ணீரில்லாத நீண்ட இடைவெளிகள்: ஷாப்பியூவிலிருந்து கொம்பால் ஏரி வரை ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏற்றத்தோடு. ஆர்னூவாவிலிருந்து 2,537 மீட்டர் கிராண்ட் கோல் ஃபெரே கணவாய் ஏறி லா ஃபூலி வரை, 14 கி.மீ. அளவு. இரண்டுக்கும் குடுவைகளை நிரப்பாமல் கிளம்பாதீர்கள். கிராண்ட் கோல் ஃபெரே பாதையின் மிக உயர்ந்த இடங்களில் ஒன்று. அதற்குப் பிறகு எல்லாம் இறக்கம் என்று தப்புக்கணக்குப் போடுவது அங்கேதான்.

126 கி.மீ. வாக்கில் ஷாம்பெ. இதற்குப் பிறகு மூன்று ஏற்றங்கள், ஒவ்வொன்றும் 600 முதல் 900 மீட்டர். ஒவ்வொன்றுக்கும் அதே அளவு இறக்கம். பெரும்பாலோருக்கு இது இரண்டாவது இரவு. பாறை மனிதராகத் தெரியும், மரத்தடியில் யாரோ உட்கார்ந்திருப்பார்கள், அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். மாயத்தோற்றம் தொடங்கினால் அடுத்த நிலையத்தில் 15, 20 நிமிடம் படுத்தே ஆக வேண்டும். பாதையோரத்தில் படுத்தால் குளிர் எழவிடாது. ஷாம்பெயில் படுப்பது நல்லது, எழுப்பிவிடச் சொன்னால் எழுப்பிவிடுவார்கள். கொப்புளத்துக்கு மருத்துவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அந்த நேரத்தில் வரிசை நீளம். டேப் ஒட்டிக்கொள்ள ஊரிலேயே கற்றுக்கொண்டு வந்தால் முக்கால் மணி நேரம் மிச்சம்.

வல்லோர்சினுக்கு மேலே தெத் ஓ வான் ஏற்றம் படிக்கட்டு போன்ற கருங்கல் பாறைகள். ஊன்றுகோல் முனை பாறை இடுக்கில் சிக்கி ஒடிவது இங்கே சகஜம். கைப்பட்டையிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு ஏறுங்கள். லா ஃப்ளெஷேரிலிருந்து ஷமோனி வரை 800 மீட்டர் இறக்கம், வேரும் கல்லும். வழிக்குறிகள் இந்தக் கடைசிக் கட்டம் வரை குறைவைக்கவில்லை: ஒளி எதிரொளிக்கும் கொடிகள், ஒன்றிலிருந்து அடுத்தது தெரியும் தூரத்தில்.

தொடங்குகிறவர்களில் மூன்றில் ஒருவராவது முடிக்காமல் போவது இங்கே வழக்கம். 2025இல் வென்ற பிரிட்டன் ஓட்டக்காரர் டாம் எவான்ஸ் 20 மணி நேரத்துக்குள் முடித்த அதே பாதையில், ஞாயிறு பிற்பகலில் கடைசி நிமிடத்தில் வருகிறவருக்கும் அதே சதுக்கத்தில் அதே கைத்தட்டல் கிடைக்கிறது. இது விளம்பரமல்ல, உண்மை. கடைசி ஆளுக்காக ஊரே காத்து நிற்கும்.

யாருக்குப் பரிந்துரைப்பது? இரவு முழுக்க மலையில் ஓடிய அனுபவமும், ஒரே பந்தயத்தில் 5,000 மீட்டர் ஏறி இறங்கிய அனுபவமும் உள்ளவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு. சமதள மாரத்தான், 12 மணி நேர ஓட்டம் மட்டும் ஓடியவர் அதே வாரத்தின் சி.சி.சி.யைத் தேர்ந்தெடுங்கள். கூர்மாயோரில் தொடங்கி 100 கி.மீ., 6,100 மீட்டர் ஏற்றம், 26 மணி 30 நிமிடம். பெரிய பந்தயத்தின் இரண்டாம் பாதி முழுவதும் அதில் இருக்கிறது, அதுவும் புதிய கால்களோடு. அதைவிடச் சிறியதாக 60 கி.மீ. அளவிலான ஓ.சி.சி.யும் உண்டு.

திரும்பும் டிக்கெட்டைச் செவ்வாய்க்கு முன் போடாதீர்கள். திங்களன்று படி இறங்கவே கைப்பிடி தேவைப்படும். வீங்கிய காலோடு நீண்ட விமானப் பயணம் ரத்தக்கட்டுக்கு வழி, அழுத்தக் காலுறை போட்டுக்கொண்டு நடைபாதையோர இருக்கை கேட்டு வாங்குங்கள். கூர்மாயோரில் விட்ட பை ஷமோனிக்குத் திரும்பி வந்துவிடும். அதை வாங்கும் இடமும் நேரமும் எண் அட்டை தரும்போதே சொல்லப்படும், கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.